டாகுமெண்ட்ஸ் வேற, செட்டிங்ஸ் வேறயா?

போன வாரம் ஆபீஸ்ல டீ குடிக்கும்போது ஒரு பேச்சு. அக்கவுண்ட்ஸ்ல இருக்கிற ஒரு பெரியவருக்குப் புது லேப்டாப் கொடுத்திருக்காங்க. பழசுல அவர் வேர்டுல வெச்சிருந்த மேக்ரோவும் பட்டன்களும் புதுசுல இல்ல. மனுஷன் டிக்கெட் போட்டிருக்கார். "செட்டிங்ஸ் பேக்கப்ல வராது"ன்னு ஒரே வரியில பதில் எழுதி டிக்கெட்டை மூடிட்டாங்க. நம்ம டீம் பசங்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. "வேர்டு மேக்ரோவாம்டா, இந்தக் காலத்துல!"

எனக்குச் சிரிப்பு வரல. வயிறுதான் எரிஞ்சுது. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் நெட்டுக்குப்பம். எண்ணூர் முகத்துவாரம், கொசஸ்தலை ஆறு, அனல்மின் நிலையப் புகைபோக்கி, இதுக்கெல்லாம் நடுவுல இருக்கிற குப்பம். கத்திவாக்கம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், தமிழ் டைப்பிங், எல்லாம் அங்கதான். கடையை நடத்துறவங்களை நாங்க எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடுவோம். நான் இன்ஜினியரிங் படிச்ச காலத்துல ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்கப் போய் பழக்கம். இந்தப் பக்கம் கலெக்டர் மனு, மீன்வளத்துறைக்கு மனு, ரேஷன் கார்டு மனு, எது வேணும்னாலும் அக்கா கடைதான்.

அங்க ஒரு பழைய கம்ப்யூட்டர். எக்ஸ்பி, வேர்டு 2003. அதுல மேல ஒரு தனி டூல்பார், பதினோரு பட்டன். ஒண்ணை அழுத்தினா அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா எல்லாம் வந்து நிக்கும். இன்னொண்ணு அழுத்தினா மீனவர் சங்கத்து லெட்டர்ஹெட். எல்லாத்தையும் விட முக்கியமானது கடைசி பட்டன். பாமினி எழுத்துருவுல அடிச்சதை யூனிகோடா மாத்துறது. இதையெல்லாம் அக்காவுக்கு முன்னாடி அங்க வேலை பார்த்த ஒரு டைப்பிஸ்ட் செஞ்சு வெச்சுட்டுப் போனாராம். அவர் காலேஜ் பக்கமே போனதில்லைன்னு அக்கா சொன்னாங்க.

பாமினி தெரியாதவங்களுக்கு: அதுல நீங்க "தமிழ்"னு அடிச்சா கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு மேல போட்ட சட்டை மட்டும்தான் தமிழ். சட்டையைக் கழட்டினா, அதாவது வாட்ஸப்புல ஒட்டினாலோ அரசு இணையதளத்துல ஒட்டினாலோ, வெறும் ஆங்கிலக் கிறுக்கல். 1999ல சென்னையில தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. 2010ல கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்துல யூனிகோடும் டேஸ்16ம்தான் தரம்னு அரசாணையே வந்துடுச்சு. ஆனா கடையில இருக்கிற பதினஞ்சு வருஷ ஃபைல் எல்லாம் பாமினி. அக்கா விரலும் பாமினி. அந்த ஒரு பட்டன்தான் ரெண்டுக்கும் நடுவுல பாலம்.

சரி, 2023 டிசம்பருக்கு வருவோம். மிக்ஜாம் புயல். வெள்ளம் வடியுறதுக்குள்ள ஆத்துல எண்ணெய். படகு கறுப்பு, வலை கறுப்பு, அலையாத்திச் செடி கறுப்பு. பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு தானாவே வழக்கா எடுத்துது. ஊர்ல எல்லார் கையிலயும் ஒரு மனு இருக்கணும், யாருக்கு என்ன போச்சுன்னு எழுதி. படகு நம்பர், வலை எத்தனை, இன்ஜின் என்ன ஆச்சு. அதுவும் ஆன்லைன்ல ஏத்துற மாதிரி, யூனிகோடுல.

அக்கா கடை கம்ப்யூட்டரோ மூணு நாள் தண்ணியில நின்னது. ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனாங்க. "ஹார்டு டிஸ்க் நல்லா இருக்கு, டாகுமெண்ட்ஸ் முழுக்க எடுத்துட்டேன்"னு சொல்லி, புது வேர்டு போட்ட ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தாங்க. அக்கா எனக்கு ஃபோன் பண்ணாங்க.

"இன்னா தம்பி, பட்டன்லாம் காணோம்?"

சர்வீஸ் கடைக்காரர்கிட்ட கேட்டா, "அதெல்லாம் செட்டிங்ஸ் தம்பி, வராது." பழைய டிஸ்கை ஃபார்மட் பண்ண எடுத்து வெச்சிருந்தார். நல்லவேளை, பண்ணல.

அந்த டைப்பிஸ்ட் பண்ண வேலை முழுக்க ஒரே ஃபைல்ல இருந்தது. பேரு நார்மல்.டாட். எக்ஸ்பியில அந்த ஃபைல் எங்க இருக்கும் தெரியுமா? சி டிரைவ்ல "டாகுமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்"னு ஒரு ஃபோல்டர். அதுக்குள்ள பயனர் பேரு, அதுக்குள்ள அப்ளிகேஷன் டேட்டா, மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ். இதுல அப்ளிகேஷன் டேட்டா மறைச்சு வெச்ச ஃபோல்டர், சாதாரணமா கண்ணுக்கே தெரியாது. அந்த ஃபோல்டர் பேரையே பாருங்க மக்களே. டாகுமெண்ட்ஸ் தனி, செட்டிங்ஸ் தனி. நம்ம மனசுலயும் அதே பிரிவினைதான். அக்கா அடிச்ச மனு டாகுமெண்ட், அதை எடுத்துக்கலாம். அந்த மனுவை ரெண்டு நிமிஷத்துல அடிக்க வெச்ச உழைப்பு செட்டிங்ஸ், அதை விட்டுடலாம். என் சண்டையே இந்தப் பிரிவினையோடதான்.

அந்த மேக்ரோவைத் திறந்து பார்த்தேன். அசந்துட்டேன். வேர்டோட வி.பி.ஏ. எடிட்டர்ல தமிழ் எழுத்து அடிச்சா கேள்விக்குறிதான் வரும். அதனால ஒவ்வொரு எழுத்தையும் நம்பரால எழுதியிருக்கார் மனுஷன். கன்னா 2965. இப்படி வரிக்கு வரி. பாமினியில கொம்பு முன்னாடி வரும், யூனிகோடுல எழுத்துக்குப் பின்னாடி வரணும். அதனால வரிசை முக்கியம். முதல்ல கொ, கோ மாத்தணும், அப்புறம்தான் கெ, கா. மாத்திச் செஞ்சா சொதப்பல். அதை விடப் பெரிய வில்லங்கம் ஔகாரம். பாமினியில "கௌ"வும் "கெள"வும் ஒண்ணுதான். கௌரவம்னு சரியா வரணும்னா கெளிறு மீன் கெட்டுப்போகும். அவர் அதுக்கு விதிவிலக்கு எழுதி, பக்கத்துலயே ஆங்கில எழுத்துல ஒரு குறிப்பு வெச்சிருந்தார்: "மீன் பேர், மாத்தாதே."

இது செட்டிங்ஸா? சொல்லுங்க. நம்ம கம்பெனியில இதையே எழுதிட்டு வந்தா லோக்கலைசேஷன் இன்ஜினியர்னு பேர் வெச்சு சம்பளம் கொடுப்பான்.

சரி, ஃபைல் கிடைச்சாச்சு, புதுசுல போட வேண்டியதுதானேன்னு நீங்க கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். இங்கதான் அடுத்த கோபம்.

வேர்டு 2003ல ஆர்கனைசர்னு ஒரு ஜன்னல் உண்டு. ஒரு டெம்ப்ளேட்ல இருந்து இன்னொண்ணுக்கு சாமான் மாத்தறதுக்கு. அதுல நாலு பிரிவு: ஸ்டைல்ஸ், ஆட்டோடெக்ஸ்ட், டூல்பார்ஸ், மேக்ரோ. அதுவும் அரைகுறைதான். கீபோர்டு ஷார்ட்கட் அதுல போகாது. தனி மேக்ரோ போகாது, மாட்யூலாத்தான் போகும். போற இடத்துல அதே பேர்ல மாட்யூல் இருந்தா போகாது. ரெக்கார்டு பண்ற எல்லா மேக்ரோவுக்கும் வேர்டு தானா வைக்கிற மாட்யூல் பேரு நியூமேக்ரோஸ், அதனால எல்லார் வீட்டுலயும் அதே பேருதான் இருக்கும்! இன்னொண்ணு, பட்டன்ல மேக்ரோ இருக்காது, மேக்ரோவோட பேர் மட்டும்தான் இருக்கும். டூல்பாரை மட்டும் மாத்தினா பட்டன் வரும், அழுத்தினா ஆள் இல்லைன்னு சொல்லும். இருந்தாலும் வழின்னு ஒண்ணு இருந்தது.

2007ல ரிப்பன் வந்தது. ஆர்கனைசர்ல நாலு பிரிவு ரெண்டாச்சு. ஸ்டைல்ஸ் இருக்கு, மேக்ரோ இருக்கு. டூல்பார்ஸ் பிரிவையே எடுத்துட்டாங்க. வேடிக்கை என்னன்னா, வி.பி.ஏ. உள்ள கமாண்ட்பார்ஸ் இன்னும் உயிரோட இருக்கு. புரோகிராம் எழுதத் தெரிஞ்சவன் கொல்லைப்புறமாப் போய் எடுத்துக்கலாம். அக்கா மாதிரி ஆளுங்க போற வாசல் கதவை மட்டும் சுவர் வெச்சு அடைச்சாச்சு. 2010ல ரிப்பன் மாற்றங்களை எக்ஸ்போர்ட், இம்போர்ட் பண்ற வசதி கொடுத்தாங்க. ஆனா இம்போர்ட் பண்ணா உங்ககிட்ட ஏற்கெனவே இருந்த மாற்றமெல்லாம் போயிடும். அதுலயும் பட்டன் வரும், மேக்ரோ வராது.

கடைசியில நான் செஞ்சது இதுதான். பழைய நார்மல்.டாட்டுக்கு வேற பேர் வெச்சு, புது வேர்டோட ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல போட்டேன். வேர்டைத் திறந்தா, ஆட்-இன்ஸ்னு ஒரு பிரிவுல பழைய டூல்பார் வந்து உக்காந்திருக்கு! சில பட்டன் மட்டும் மேக்ரோவைக் காணோம்னு சொல்லிச்சு. கமாண்ட்பார்ஸ் வழியா ஒரு சின்ன லூப் எழுதி திரும்ப இணைச்சேன். ராத்திரி ஒன்பது மணி. வெளியில வரிசையில ஆளுங்க நிக்கிறாங்க. அக்கா கடைசி பட்டனை அழுத்தினாங்க. "கெளிறு" கெளிறாவே வந்துது. அன்னிக்கு ராத்திரி அக்கா கடை சாத்தல.

இப்ப எதிர்த்தரப்பு வாதங்களுக்கு வருவோம்.

"மேக்ரோன்னாலே வைரஸ்டா." உண்மைதான். 1995ல கான்செப்ட், 1999 மார்ச்ல மெலிசா, ரெண்டும் இந்த வழியாத்தான் பரவுச்சு. 2022ல இணையத்துல இருந்து வர்ற ஃபைலோட மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் தடுத்தது சரிதான், நானே கை தட்டுவேன். ஆனா திருடனுக்குப் பூட்டு போடுறவன் வீட்டுக்காரனுக்குச் சாவி கொடுக்கணும் இல்லையா? தன்னோட டெம்ப்ளேட்டைத் தானே வேற கம்ப்யூட்டருக்குக் கொண்டு போறவங்களுக்கு ஒரு நேர் வழி கூட வெக்கலைன்னா அதுக்குப் பேர் பாதுகாப்பு இல்ல, அலட்சியம்.

"லிப்ரே ஆபீஸ் போடு." நான் லிப்ரே ஆபீஸ் ரசிகன்தான். ஆனா அங்கயும் இதே வியாதி. நீங்க செஞ்சு வெச்ச டூல்பார் பயனர் புரொஃபைல்ல இருக்கும், இல்லன்னா அந்தந்த ஃபைல்ல இருக்கும். ஒரு டெம்ப்ளேட்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்த அங்கயும் பட்டன் கிடையாது. வேர்டு மேக்ரோவும் அப்படியே ஓடும்னு நம்ப முடியாது.

"எல்லாரும் தமிழ்99 கத்துக்கிட்டா இந்தப் பிரச்சினையே இல்ல." கத்துக்கட்டும், நல்லதுதான். அதுக்காக எண்ணெய் மிதக்கிற வாரத்துல உக்காந்து கத்துக்க முடியுமா?

கடைசியா நம்ம சாதி சனத்துக்கு, அதாவது சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு. நாம என்ன பண்றோம்? நம்ம எடிட்டர் கான்ஃபிக், ஷெல் அலியாஸ், அந்த நாலு வரி டாட் ஃபைலை கிட்ஹப்புல ஏத்தி வெச்சு பெருமைப்படுறோம். புது லேப்டாப் வந்தா ஒரே கமாண்ட்ல இறக்கிக்கிறோம். நம்ம ஃபைல் பேர்ல டாட் முன்னாடி வருது, டைப்பிஸ்ட் ஃபைல் பேர்ல டாட் பின்னாடி வருது. அவ்வளவுதான் வித்தியாசம். நம்மளோடது கோடு, அவங்களோடது செட்டிங்ஸா? எந்த ஊர் நியாயம் இது?

திட்டிட்டு மட்டும் போகக் கூடாது. டைப்பிங் பண்ற உங்க வீட்டு ஆளுங்களுக்கு, பக்கத்துக் கடைக்கு இதைச் சொல்லுங்க:

1. மேக்ரோவையும் பட்டனையும் நார்மல் டெம்ப்ளேட்ல வைக்காதீங்க. தனி டெம்ப்ளேட் பண்ணி ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல வைங்க. கம்ப்யூட்டர் மாறினா அந்த ஒரு ஃபைலைக் கொண்டு போனா போதும்.

2. மாட்யூலுக்கு நியூமேக்ரோஸ்னு விடாம, முதல் நாளே உங்க கடை பேரையோ சொந்தப் பேரையோ வைங்க. அப்புறம் மாத்தினா பழைய பட்டன் மேக்ரோவைத் தேடும்.

3. வி.பி.ஏ. எடிட்டர்ல மாட்யூலை எக்ஸ்போர்ட் பண்ணா வெறும் டெக்ஸ்ட் ஃபைலா வரும். அதை உங்களுக்கே மெயில் அனுப்பி வைங்க.

4. எந்த பட்டன் எந்த மேக்ரோவுக்குன்னு ஒரு ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்து வைங்க.

5. யாராவது ஃபார்மட் பண்றேன்னா, "டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரும் ஸ்டார்ட்அப் ஃபோல்டரும் எடுத்தாச்சா?"ன்னு கேளுங்க. புரியாத மாதிரி பார்த்தா டிஸ்கைத் திரும்ப வாங்கிக்கிட்டு வந்துடுங்க.

நேத்து அந்த அக்கவுண்ட்ஸ் பெரியவர் சீட்டுக்கு நானே போனேன். பழைய லேப்டாப்பை இன்னும் துடைக்கலையாம். அரை மணி நேரம்தான் ஆச்சு. "எட்டு வருஷமா சேர்த்தது தம்பி"ன்னார். டிக்கெட்டை மறுபடி திறந்து ஒரு வரி எழுதிட்டு வந்தேன்: "இது செட்டிங்ஸ் இல்ல, இவரோட வேலை."

டிஸ்கி: மேக்ரோ எழுதின அந்த டைப்பிஸ்ட் இப்ப எங்க இருக்கார்னு அக்காவுக்கும் தெரியல. அண்ணே, எங்க இருந்தாலும் நல்லா இருங்க. உங்க மீன் பேரை நாங்க மாத்தல :-)