அளாப்பி ஆடும் ஆட்டம்

மொழியுரிமை கச்சேரிக்கும் நீதிமன்றுக்கும் உரிய விவகாரம். விளையாட்டுத் திடலில் அதற்கென்ன வேலை என்று நம்முள் படித்தோர் சிலர் கேட்கின்றனர். பந்துக்கு மொழி ஏது என்பது அவர்தம் வாதம். பந்துக்கு மொழி இல்லைதான். ஆனால் விதிக்கு மொழி உண்டு. நடுவருக்கு மொழி உண்டு. தீர்ப்புக்கு மொழி உண்டு. தனக்கு விளங்காத மொழியில் தீர்ப்புப் பெற்றவன் மேன்முறையீடு செய்வது எங்ஙனம்? மன்றாயினும் திடலாயினும் நியாயம் ஒன்றே.

வன்னிச் சிறுவர் கிளித்தட்டு மறிப்பதைப் பாருங்கள். நடுக்கோட்டில் ஓடி அடிப்பவன் கிளி. கோடுகளையெல்லாம் கடந்து மீண்டவன் பழம். அடிபட்ட பின்னும் படவில்லை என்று சாதிப்பவன் அளாப்பி. இச்சொற்களை எந்தச் சட்டசபை இயற்றிற்று? எந்த வர்த்தமானி வெளியிட்டது? அறுவடை முடிந்த வயலில் கோடு கீறியவர்களே இயற்றினர். பட்டணத்துக் கனவான்கள் இவற்றைக் கொச்சையென்று முகஞ்சுளிக்கின்றனர். கொச்சையன்று, ஓர் ஆட்டத்தின் நீதிநூல் முழுவதும் அச்சில் ஏறாமலே இச்சொற்களில் நிலைத்து நிற்கிறது.

பிறநாட்டு ஆட்டங்கள் வந்தபோதும் தமிழ் வாய்மூடி இருக்கவில்லை. தமிழகம் கால்பந்து, கைப்பந்து, தொடர் ஓட்டம் என்றது. நாம் உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், அஞ்சலோட்டம் என்றோம். இரண்டும் தமிழே. ‘நெற்’, ‘செற்’, ‘ஓவர் கேம்’ என்று நம் இளைஞர் கூவுவதையும் நாம் குற்றஞ்சாட்டோம். உழவர் போற்றும் மாட்டுவண்டிச் சவாரியில் ‘சவாரி’ என்பதும் வந்தேறிய சொல்லே. ஆங்கிலேயரின் கிரிக்கெட் ‘தூஸ்ரா’ என்னும் உருதுச் சொல்லை ஏற்றுக்கொண்டது. 1964இல் ஒலிம்பிக்கில் நுழைந்த யூடோவில், எந்நாட்டு நடுவரும் ‘இப்பொன்’ என்று யப்பானிய மொழியிலேயே தீர்ப்புக் கூறுகிறார். ஆடுவோர் தாமே கடன் வாங்குவது வேறு. ஆள்வோர் திணிப்பது வேறு.

திணிப்பு எங்கே என்பீராயின், நாம் கண்ட ஒன்றைக் கூறுவோம். கிளிநொச்சிப் பகுதியில் ஒரு கிராமத்துக் கரப்பந்தாட்டக் கழகத்துக்குப் போட்டி நிபந்தனைகளைத் தாங்கிய கடிதம் ஒன்று வந்தது. முழுவதும் சிங்களம். வாசிக்க ஆள் தேடி அலைந்து, ஈற்றில் எம்மிடம் கொணர்ந்தபோது விண்ணப்ப நாள் கழிந்துவிட்டது. கரப்பந்தாட்டம் 1991 முதல் இந்நாட்டின் தேசிய விளையாட்டாம்! அத்தேசிய விளையாட்டின் வாயிலில் எம் இளைஞரைத் தடுத்தது உயரக் குறைவா? பயிற்சிக் குறைவா? ஒரு தாளின் மொழி.

சட்டம் யாது கூறுகிறது? 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாக்கப்பட்டது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1988இன் 16ஆம் திருத்தத்தின்படி, அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிர்வாக மொழியாக்கிற்று. ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும் கேட்டால், மொழிபெயர்க்க ஆளில்லை என்பதே மறுமொழி. தாளில் தந்துவிட்டுத் திடலில் மறுக்கும் இச்செயலுக்குச் சட்ட நூல்களில் பெயர் தேட வேண்டாம். கிளித்தட்டுச் சிறுவரே பெயரிட்டுள்ளனர்: அளாப்புதல்!

அளாப்பியைச் சிறுவர் எங்ஙனம் வழிக்குக் கொணர்வர்? அழமாட்டார், கெஞ்சமாட்டார். ஆட்டத்தை நிறுத்திக் கோட்டைக் காட்டுவர். நாமும் கோட்டைக் காட்டுவோம். கழகச் செயலாளர்களே! விளங்காத மொழியில் கடிதம் வந்தால் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, 22ஆம் உறுப்புரையைச் சுட்டித் திருப்பி அனுப்புங்கள். மறுமொழி வராவிடின் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். விதிநூலையும் நடுவர் பயிற்சியையும் தமிழில் கேளுங்கள். ஆசிரியர்களே! வயலிலும் திடலிலும் வழங்கும் ஆட்டச் சொற்களைத் திரட்டி எழுதிவையுங்கள். தமிழ் அலுவலருக்கே ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும் வழக்கறிஞரும் வைத்தியரும் அப்பழக்கத்தை இன்றே விடுக. நம் கையால் நாமே கோட்டை அழித்துவிட்டு, பிறரை அளாப்பி என்பது எவ்வாறு பொருந்தும்?

கோடு கீறப்பட்டுவிட்டது. அதை மறித்து நிற்பது நம் கடன்.