விசாரித்து அறிவது சந்தேகமன்று



"உங்கள் ஹஜ் கட்டணத்தில் ஒரு பகுதி திருப்பித் தரப்படுகிறது. இன்றிரவுக்குள் கீழுள்ள இணைப்பைத் திறந்து வங்கி விவரங்களை உறுதி செய்க." இப்படியொரு மின்னஞ்சல் வந்தால் நம்மில் எத்தனை பேர் சற்று நின்று யோசிப்போம்? தொடக்கத்தில் பிஸ்மில்லாஹ், நடுவில் கஅபாவின் படம், இறுதியில் அரசு முத்திரை. பல்லாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து விண்ணப்பித்தவரின் உள்ளம் அதைக் கண்டதும் இளகிவிடும். மோசடிக்காரர்கள் குறிவைப்பது நம் அறியாமையை மட்டுமன்று; நம் மார்க்கப் பற்றையும்தான். ரமலானில் ஜகாத்தும் ஸதகாவும் கேட்டு வரும் போலி மடல்களும் இவ்வகையினவே.

"முஸ்லிம் பெயரில் வந்த மடலைச் சந்தேகிக்கலாமா?" என்று சிலர் தயங்குகின்றனர். இத்தயக்கத்திற்கு ஸூரத்துல் ஹுஜுராத்திலேயே விடை உள்ளது. அதன் 12ஆம் வசனம் வீண் எண்ணங்களைத் தவிர்க்கச் சொல்கிறது. அதே அத்தியாயத்தின் 6ஆம் வசனமோ, தீயவன் கொண்டுவரும் செய்தியை விசாரித்துத் தெளியுமாறு கட்டளையிடுகிறது. ஒருவரின் உள்ளத்தைப் பற்றித் தவறாக எண்ணுவது வேறு. கைக்கு வந்த செய்தியைச் சரிபார்ப்பது வேறு. முன்னது விலக்கப்பட்டது, பின்னது நம்மீது கடமை. நம் கையிலுள்ள ஜகாத் பணம் ஏழைகளின் உரிமை. அதை விசாரிக்காமல் அனுப்புவது தாராளம் ஆகாது. அமானிதத்தில் காட்டும் அலட்சியமே ஆகும்.

விசாரிப்பது கடினமான கலையுமன்று. அனுப்புநர் பெயராக எவரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். அது எவரும் மாட்டக்கூடிய வாசற்பலகை போன்றது. இணைப்பின் முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னுள்ள பகுதியே தளம் யாருடையது என்பதைக் காட்டும். இந்திய ஹஜ் கமிட்டியின் தளம் 'ஜிஓவி டாட் இன்' என முடியும். முகவரியின் நடுவில் 'ஹஜ்' என்ற சொல் இருப்பதால் மட்டும் ஒரு தளம் உண்மையானதாகிவிடாது. பூட்டுச் சின்னமும் நேர்மைக்குச் சான்றன்று. போலித் தளங்களும் அதைப் பெற்றுவிடுகின்றன.

மடலிலுள்ள இணைப்பையோ தொலைபேசி எண்ணையோ பயன்படுத்தாமல், தளத்தின் முகவரியை நாமே தட்டச்சு செய்து பார்ப்போம். வங்கி அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் பேசிக் கேட்போம். பணம் பெறுவதற்கு ரகசிய எண் எதுவும் தேவையில்லை. பணம் தருவதாகச் சொல்லிக்கொண்டு ஓடிபி கேட்பவர் நம்மிடமிருந்து பறிக்கவே வருகிறார். "உடனே, இன்றே" என்று ஒரு மடல் எவ்வளவு அவசரப்படுத்துகிறதோ, அவ்வளவுக்கு நாம் நிதானிக்க வேண்டும்.

இவை அனைத்தையும்விட நாம் திருத்திக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஏமாந்தவரை நாம் ஏளனம் செய்கிறோம். "இதுகூடத் தெரியாதா?" என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சியே, வளைகுடாவில் பிள்ளை உழைத்து அனுப்பிய பணத்தைப் பறிகொடுத்த உம்மாவும் வாப்பாவும் வாய் திறக்காமல் இருந்துவிடுகின்றனர். அந்த மௌனமே மோசடிக்காரருக்குக் கிடைக்கும் அவகாசம். இந்தியாவில் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்தால், பணம் கைமாறிச் செல்லுமுன் அதை முடக்க வாய்ப்புண்டு. வங்கிக்கும் அக்கணமே தெரிவிக்க வேண்டும். நாள் கடந்தால் அவ்வாய்ப்பு அருகிவிடும்.

எனவே, சந்தேகத்திற்குரிய எந்த மடலையும் வீட்டில் ஒருவரிடம் காட்டிய பிறகே திறப்பது என்பதை நம் குடும்ப வழக்கமாக்குவோம். பெரியவர்கள் பத்து முறை கேட்டாலும் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் விளக்கட்டும். பெற்றோருக்குச் செய்யும் பணிவிடைகளில் இக்காலத்தில் இதுவும் ஒன்று.

நம் பொருளையும் ஈமானையும் வஞ்சகர்களின் தீங்கிலிருந்து வல்ல ரஹ்மான் பாதுகாப்பானாக! ஆமீன்.