பேசாத பிள்ளைக்கு எந்தப் பயிற்சி?

கலவானப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து இளந்தம்பதியர் இருவர் சென்ற வாரம் எம்மைக் காண வந்திருந்தனர். கணவர் முன்பு எம்மிடம் பயின்றவர். அவர்களுடைய மகனுக்கு வயது நான்கு. இன்னும் ஒரு சொல் பேசவில்லை. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை. தோட்டத்தில் தப்பு முழங்கினால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறுகிறான். ஓட்டிசம் என்று வைத்தியர் கூறிவிட்டார். பட்டணத்துத் தனியார் நிலையமொன்றிலோ, வாரத்துக்கு இருபது மணி நேரம் நடத்தைப் பயிற்சி அளித்தால் இரண்டு வருடத்தில் பிள்ளை முற்றாகக் குணமாகிவிடும் என்கிறார்களாம். நகைகளை அடகு வைத்து, மனைவி செக்ரோலிலிருந்து பெயரை வெட்டிக்கொண்டு, பட்டணத்தில் அறையெடுத்துத் தங்கலாமா என்பதே அவர்களது கேள்வி.

தாயின் மனத்தில் இருந்ததோ வேறு. "புள்ளைக் காம்பராவுல விட்டுட்டு நான் மலைக்குப் போனதாலதான் இப்படி ஆயிருச்சின்னு லயத்துல பேசிக்கிறாங்க சேர்," என்றார். பணக் கணக்கைப் பார்க்குமுன் இதற்கு விடை சொல்ல வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் போல்ரிமோர் நகரில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி 1943 இல் எழுதிய கட்டுரையிலேதான் இந்நிலை முதன்முதலாகத் தெளிவாக வரையறுக்கப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள், தாயின் அன்பு குளிர்ந்துபோனதே காரணமெனக் கற்றோர் சிலரே பேசித் திரிந்தனர். புரூனோ பெட்டல்ஹைம் 1967 இல் அதற்கென ஒரு நூலே எழுதினார். ஆயின் 1964 ஆம் ஆண்டிலேயே, இத்தகைய மகனொருவனுக்குத் தந்தையான உளவியலாளர் பேர்னாட் றிம்லண்ட், இது மூளை வளர்ச்சியின் பாற்பட்டது என்று வாதிட்டிருந்தார். பின்வந்த ஆராய்ச்சிகள் அவர் பக்கமே நின்றன. பிறவிக் கூறுகளுக்கு இதிற் பெரும் பங்குண்டு. கொழுந்து பறிக்கப் போனதற்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. லயத்தார் பேச்சைவிடப் படித்தவர் பேச்சு அந்நாளில் அதிக தாய்மாரை அழவைத்தது என்பதே எமது எண்ணம்.

இனி நடத்தைப் பயிற்சிக்கு வருவோம். தண்ணீர் வேண்டிப் பிள்ளை அலறுகிறான். அலறியதும் தண்ணீர் கிடைக்கிறது. ஆகவே அலறலே அவன் மொழியாகிவிடுகிறது. பயிற்சியாளர் என்ன செய்கிறார்? குவளையைக் கண்ணிற்படும்படி வைத்து, பிள்ளையின் கையை மெல்லப் பிடித்து அதைச் சுட்டச் செய்து, சுட்டிய கணமே தண்ணீரைக் கொடுக்கிறார். நாளடைவில் கையைப் பிடிப்பதைக் குறைக்கிறார். பின்பு சுட்டுவதோடு ஓர் ஒலியையும் எதிர்பார்க்கிறார். பெரிய காரியத்தைச் சிறு படிகளாக்கி, படிக்குப் படி பரிசளித்து ஏற்றுவதே இம்முறை. பல் துலக்கலும் உடை உடுத்தலும் இவ்வாறே கற்பிக்கப்படும்.

இதற்குப் பெயர் தேடித் தந்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஐவார் லோவாஸ். அவர் 1987 இல் வெளியிட்ட ஆய்வில் 19 பிள்ளைகளுக்கு வாரம் ஏறத்தாழ 40 மணி நேரம் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களுள் 9 பேர் சாதாரணப் பாடசாலையில் முதலாம் வகுப்பைத் தாண்டினர். குணமாகும் என்ற வாக்குறுதி உலகெங்கும் விற்கப்படுவதற்கு இவ்வெண்ணே மூலம். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பயிற்சி என்பது அங்கே குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படவில்லை என்பதையும், அதட்டலும் தொடையில் அடியும் அன்றைய முறையில் இடம்பெற்றிருந்தன என்பதையும் விற்பவர் சொல்வதில்லை. அப்பயிற்சிகளுக்கு உட்பட்டு வளர்ந்தவர்கள் பலர், கண்ணைப் பார்க்கும்படியும் அசையாதிருக்கும்படியும் வற்புறுத்தப்பட்டது தமக்கு வேதனையாயிருந்ததென இன்று எழுதுகின்றனர். தப்பொலி அச்சிறுவனுக்கு மெய்யாகவே வலிக்கிறது. அதைச் சகித்திருக்கப் பழக்குவதைவிட அவ்விடத்தை விட்டு அழைத்துச் செல்வதே மேல்.

நம் நாட்டிலும் இது அரிய செய்தியன்று. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் 18 முதல் 24 மாத வயதுடைய 374 குழந்தைகளை ஆராய்ந்து 2009 இல் வெளியிட்ட முடிவின்படி, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருந்தது. தாய்மாரிடம் வினாக் கேட்டு நிரப்பும் மேல்நாட்டுப் படிவம் அங்கு பெரும்பாலும் கைகொடுக்கவில்லை. பின்னர் அவர் படங்களைக் காட்டிக் கேட்கும் முறையொன்றை ஆக்கினார். வீட்டிலேயே தாய் பயிற்சியளிக்கும் முறையாற் பிள்ளைகள் முன்னேறியதையும் 2016 இல் எழுதினார். அதே ஆண்டில் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளிடம் நடந்த பரீட்சார்த்தத்தின் முடிவும் வெளிவந்தது. நிபுணரல்லாத ஊழியர்கள் வீடு சென்று, தாயும் சேயும் விளையாடுவதைப் படம்பிடித்துத் தாய்க்கே காட்டி வழிநடத்தினர். எல்லாவற்றிலும் பயன் கிட்டிற்றென்று சொல்லவியலாது. ஆயின் பிள்ளைகள் தாமாகவே தாயை நாடுவது கூடிற்று.

ஆகவே அடகுக் கடைக்குப் போகவேண்டாமென்றோம். பெயர் சொன்னாற் திரும்பாத பிள்ளைக்குச் செவிப்புலனை முதலிற் சோதித்தார்களா என்று கேட்டோம், இல்லையாம்! கிளினிக் புத்தகத்துடன் இரத்தினபுரி வைத்தியசாலைக்குச் சென்று அதைக் கேட்டுப் பெறும்படி கூறினோம். எந்த நிலையத்திலும், பயிற்சி நடக்கையில் தாய் உடனிருக்கலாமா, பிள்ளை மறுத்தால் என்ன செய்வீர்கள், வீட்டில் நாங்கள் செய்யவேண்டியது என்ன என்று வினவட்டும். கதவைச் சாத்துமிடம் வேண்டாம். குணமாக்கித் தருவோமென்று நாட்குறிப்பவரும் வேண்டாம்.

நிலையத்தில் இன்னொன்றும் சொன்னார்களாம். அங்குள்ள பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாதாகையால் வீட்டிலும் சிங்களத்திலேயே பேசவேண்டுமாம். தாய்க்குச் சரளமாக வராத மொழியிற் பிள்ளையோடு எப்படிக் கொஞ்சுவது? இரு மொழி கேட்டு வளர்வதால் இத்தகைய பிள்ளைகளின் பேச்சுக் கெடுவதில்லையென ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தமிழிலேயே, சிறு சிறு சொற்களாய்ப் பேசச் சொன்னோம்.

"அப்பவும் பேசலேன்னா சேர்?" என்றார் தகப்பனார். பேசாமலும் போகலாம், படத்தைக் காட்டி வேண்டியதைக் கேட்க அவன் பழகுவானாயின், அதுவும் பேச்சுத்தான் என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும், தண்ணீர்க் குவளையின் படமொன்றை வரைந்து தரமுடியுமா என்று கேட்டார். வரைந்து கொடுத்தோம்.