மகள் கேட்ட கேள்வி



இறக்காமத்தில் என் மகள் பாடசாலைச் சுற்றாடல் முன்னோடிப் படையணியில் இருக்கிறாள். இது மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் திட்டம்.

ஒருநாள் மிஞ்சிய சோற்றைச் சொப்பிங் பேக்கில் முடிச்சுப் போட்டு எறிந்தேன். "உம்மா, யானைக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அவள் படித்தது நம் மாவட்டத்துக் கதைதான். பள்ளக்காட்டில் 2008இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு குப்பைமேடு அமைந்தது. 9 ஊர்களின் குப்பை அங்கே சேர்ந்தது. 2014இல் மின்னல் தாக்கிய மின்வேலி திருத்தப்படவில்லை. சோற்று மணத்துக்கு வந்த யானைகள் பிளாஸ்ரிக்கையும் சேர்த்து விழுங்கின. அது சமிக்காது; குடலை அடைக்கும். பிறகு தீனும் இறங்காது, தண்ணீரும் இறங்காது. 2022 ஜனவரிக்கு முந்திய 8 ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாகச் செய்தி வந்தது. குப்பைக்குப் பழகிய யானை ஊருக்குள்ளும் வருகிறது.

யுத்தகாலச் சாவுகளைத் தடுக்க நம் கையில் ஒன்றும் இருக்கவில்லை. இதற்கு இருக்கிறது. இப்போது மிச்சச் சோறு கோழிக்கு. மற்றது வளவுக் குழிக்கு. கடைக்குப் போக, என் உம்மா இழைத்த பழைய பன் பை.

உங்கள் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று இன்று கேட்டுப் பாருங்கள்.