செவ்வாய்க்குப் போயும் செவ்வாய் தோஷமா?

செங்கற்பட்டு ஜில்லாவில், சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் திருவிடந்தை என்று ஓர் ஊர் இருக்கிறது. அவ்வூருக்கு இரண்டு விசேஷங்கள் உண்டு. ஒன்று, நித்திய கல்யாணப் பெருமாள் கோவில். கல்யாணம் தட்டிப் போகிறவர்கள் அங்கே வந்து, மாலை சாத்தி, அதைத் தங்கள் கழுத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டு பிரகாரத்தைச் சுற்றினால் சீக்கிரம் கல்யாணம் ஆகுமென்பது நம்பிக்கை. மற்றொன்று, 24-8-2024-ல் அதே ஊர்க் கடற்கரையிலிருந்து ரூமி-1 என்னும் ராக்கெட்டு மேலே போனது. அதற்கு முந்திய ஆண்டு, 19-2-2023-ல், பக்கத்திலுள்ள பட்டிபுலத்திலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்த 150 சிறு கருவிகளைச் சுமந்து ஒரு ராக்கெட்டு போயிற்று. இவை பூமியைச் சுற்றிவரப் போனவையல்ல. சிறிது உயரம் போய் விஷயங்களை அளந்தறியும் சிறு ராக்கெட்டுகளே. ஆனாலும் நம் பிள்ளைகள் கைவைத்துச் செய்தவை.

ஆக, கோவிலுக்கும் கடலுக்கும் நடுவே நடக்கிற தூரந்தான். ஒரு பக்கம் பிள்ளைகள் ஆகாயத்தை அளக்கிறார்கள். மறுபக்கம் பெரியவர்கள் ஆகாயத்துக்குப் பயந்து சுற்றுகிறார்கள்.

ஆகாயத்துக்கு ஏன் பயம் என்று கேட்கலாம். கல்யாணம் தட்டிப் போவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானது செவ்வாய் தோஷம். ஜாதகத்தில் 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் அந்தப் பெண் புருஷனுக்கு ஆகாதவளாம். பெண் படித்திருப்பாள், சம்பாதிப்பாள், பெற்றோரைக் காப்பாற்றுவாள். வருகிற வரனெல்லாம் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடும். தகப்பன் பரிகாரத்துக்குக் கடன் வாங்குவான். வயது ஏற ஏற ஊரார் அவளை ராசியில்லாதவள் என்பார்கள். ஆணுக்கும் இந்தத் தோஷம் உண்டென்று பேச்சுக்குச் சொன்னாலும், மனைவியைப் பறிகொடுத்தவனைப் பார்த்து, "உன் செவ்வாய் அவளைத் தின்றுவிட்டது" என்று யாராவது சொன்னதுண்டா? பழி சுமக்கிறவள் பெண்ணே.

நிற்க, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீடுகள் 12, தோஷமுள்ளவை 5. லக்கினம் ஏறக்குறைய 2 மணிக்கு ஒரு தரம் மாறுகிறது. ஆகவே ஓர் ஆஸ்பத்திரியில் இரவும் பகலுமாகப் பிறக்கும் 12 குழந்தைகளில் சுமார் 5 குழந்தைகள் தோஷக்காரர்கள் ஆகிறார்கள். லக்கினத்திலிருந்து மட்டுமல்ல, சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ண வேண்டுமென்கிற ஜோசியர்களும் உண்டு. அப்படி எண்ணினால் ஏறக்குறைய 5 பேரில் 4 பேருக்குத் தோஷம் வந்துவிடும்! அப்படியானால் நாட்டில் மிஞ்சுகிற புருஷர்கள் எத்தனை பேர்? இது ஜோசியருக்கும் தெரியும். அதனால்தான் தோஷத்துக்குப் பக்கத்திலேயே விதிவிலக்கையும் பரிகாரத்தையும் வைத்திருக்கிறார். பூட்டும் அவரிடமே, சாவியும் அவரிடமே. காசு மாத்திரம் நம்மிடம்.

இனி, அந்தச் செவ்வாய் என்னவென்று போய்ப் பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்போம். அது பூமியில் பாதி அகலமுள்ள ஒரு மண்ணுருண்டை. சிவந்திருப்பது கோபத்தினாலல்ல, மண்ணிலுள்ள இரும்புத் துருவினால். சூரியனைச் சுற்றிவர அதற்கு 687 நாள் ஆகிறது. "செவ்வாய் வெறுவாய்" என்று நல்ல காரியம் தொடங்காத இந்நாட்டில், 5-11-2013 செவ்வாய்க்கிழமையன்றே ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து மங்கள்யான் புறப்பட்டது. சுமார் 300 நாள் தூங்கிக் கிடந்த அதன் எஞ்சினை முதலில் 4 வினாடி ஓட்டிப் பார்த்து, பிறகு 24-9-2014-ல் சுமார் 24 நிமிஷம் எரித்து, செவ்வாயைச் சுற்ற வைத்தார்கள். முதல் முயற்சியிலேயே ஜெயித்தது. 6 மாதத்துக்கென்று செய்த அது 2022 வரை உழைத்தது. 2021-ல் அமெரிக்கர்கள் அங்கே ஒரு சிறு ஹெலிகாப்டரையே பறக்கவிட்டார்கள். செவ்வாயைத் தொட்டுத் தோண்டியவர்களுக்கு வராத தோஷம், அதைக் கண்ணால்கூடப் பாராத செங்கற்பட்டுப் பெண்ணுக்கு எப்படி வந்தது?

"அந்த விஞ்ஞானிகளே ராக்கெட்டின் பொம்மையைத் திருமலைக்கு எடுத்துப் போகிறார்களே?" என்று சிலர் நம்மை மடக்குவார்கள். உண்மைதான். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டு வரிசையில் சி-12-க்கு அடுத்தது சி-14. நடுவில் 13 என்ற எண்ணே இல்லை. படிப்பு வேறு, பகுத்தறிவு வேறு என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனால் பலனைப் பாருங்கள். சந்திரயான்-2-க்கும் பூஜை நடந்தது, சந்திரயான்-3-க்கும் பூஜை நடந்தது. முன்னது 2019-ல் சந்திரனில் மோதி விழுந்தது. பின்னது 23-8-2023-ல் நேராக இறங்கிற்று. பூஜை இரண்டுக்கும் ஒன்றானால் வித்தியாசம் எதனால் வந்தது? விழுந்ததற்குக் காரணம் தேடினார்கள், காலை உறுதியாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், 500 மீட்டர் சதுரமாயிருந்த இறங்குமிடத்தை 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் ஆக்கினார்கள். அவ்வேலைக்குத் தலைமை வகித்தவர் விழுப்புரத்து ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகன், முதலில் டிப்ளமோ படித்த வீரமுத்துவேல். தப்பைத் தப்பென்று ஒப்புக்கொண்டு திருத்துவதே விஞ்ஞானம். ஜோசியம் என்றைக்காவது தன் தப்பை ஒப்புக்கொண்டதுண்டா?

ஆகாயத்தைப் பார்த்துச் சேதி சொல்வதை நாம் குறை கூறவில்லை. 9-12-2022 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தது. அது வருவதை மேலேயிருந்து செயற்கைக் கோள்கள் பார்த்துச் சொன்னதால் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தது. பஞ்சாங்கம் பார்த்து எவரும் படகைக் கரையேற்றவில்லை.

ஆகவே தோழர்களே! படகைக் காக்கப் பகுத்தறிவை நம்புகிற நீங்கள், பெற்ற மகளைக் காக்கவும் அதையே நம்புங்கள். வரன் வந்தால் கட்டத்தைக் கேளாதீர்கள். குணம் என்ன, தொழில் என்ன, உடம்பில் வியாதி உண்டா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவனை உனக்குப் பிடித்திருக்கிறதா என்று பெண்ணைக் கேளுங்கள். இதற்கு எந்த ஜோசியருக்கும் தட்சணை தர வேண்டியதில்லை. அடுத்த முறை திருவிடந்தைக்குப் போனால், மகளைப் பிரகாரம் சுற்ற விடாமல் கடற்கரைக்கு அழைத்துப் போய், ராக்கெட்டு புறப்பட்ட இடம் இதுதான் என்று காட்டுங்கள்.