உருவமும் உண்மையும்



ஓவியரிடம் பணம் கொடுத்து ஒருவருடைய உருவத்தை எழுதச் சொல்வது செல்வர் வீட்டு வழக்கம் என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அரண்மனைச் சுவர்களில், பொன்முலாம் பூசிய சட்டங்களுக்குள்ளிருந்து நம்மை நோக்கும் முகங்களைக் கண்டு வளர்ந்த எண்ணம் அது. சென்ற கோடை விடுமுறையில் அது மாறியது. மாறிய கதையையும் அதனால் நான் கொண்ட முடிவையும் உங்கள் முன் வைக்கிறேன்.

என் ஊர் இடுக்கி மாவட்டத்து மூணாறு; வீடு, தேயிலைத் தோட்டத்து லயம். அம்மாச்சி முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்தெடுத்தவர். அவர் மறைந்தபின் வீட்டில் எஞ்சியது, அடையாள அட்டைக்காக எடுத்த அஞ்சல்தலை அளவுப் படம் ஒன்றே. அதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் ஓர் ஓவியம் எழுதி வாங்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் நம்மவர் ஒருவர் நன்றாக எழுதுவார் என்றார் மாமா. அம்மாவும் நானும் புறப்பட்டோம். மறையூர், சின்னாறு கடந்து உடுமலைக்கு இறங்கினோம். பொள்ளாச்சி வழியாகச் சென்று கோபாலபுரத்தில் மறுபடியும் எல்லையைத் தாண்டினோம். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகத் தமிழ்நாட்டைக் கடந்தோம்! எல்லைகள் இரண்டு வந்தன. காதில் விழுந்த மொழி மட்டும் மாறவே இல்லை.

ஓவியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அம்மா தம் விருப்பத்தைச் சொன்னார்.

“கொஞ்சம் செவப்பா எழுதுங்கண்ணே. பட்டுச் சேலை கட்டி, கழுத்துல ரெட்டை வடச் சங்கிலி போட்டுடுங்க.”

“அம்மா சங்கிலி போட்டிருந்தாங்களா?”

“உசிரோட இருந்தப்போ போடக் கொடுத்து வைக்கல. படத்துலயாவது போட்டுக்கிடட்டுமே!”

தோழர்களே, இந்த விடையை எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். பொய்யின்மேல் கொண்ட ஆசையன்று அது. தாய்க்குச் செய்ய இயலாததைச் செய்து பார்க்கும் மகளின் ஏக்கம். உலகம் போற்றிய பெரியவர்களும் தம் உருவத்தின் உண்மையைத் தாங்கியதில்லை. 1954இல் சர்ச்சிலின் எண்பதாம் பிறந்தநாளுக்காகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தார் கிரகாம் சதர்லாண்ட் என்னும் ஓவியரைக் கொண்டு அவர் உருவத்தை எழுதுவித்தனர். முதுமையை முதுமையாகவே காட்டிய அந்த ஓவியத்தைச் சர்ச்சில் வெறுத்தார். பின்னர் அவர் துணைவியாரின் விருப்பப்படி அது அழிக்கப்பட்டது. அத்தகையவருக்கே அந்த நிலை என்றால், லயத்துப் பெண் ஒருத்தி தன் தாய்க்குச் சங்கிலி கேட்டது குற்றமா?

குற்றமன்று. ஆயினும் அது இழப்பு என்பதே என் கருத்து. ஏன் என்று கேட்கிறீர்களா?

யாருடைய முகங்கள் இதுவரை எழுதப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். ராஜா ரவிவர்மா ஊதியம் பெற்று முதன்முதலாகத் தீட்டியது, 1870இல் கோழிக்கோட்டுச் சார்பு நீதிபதி கிழக்கே பாலாட்டுக் கிருஷ்ண மேனோன் குடும்பத்தின் ஓவியம் என்பார்கள். பிறகு ஆளுநர்களும் மன்னர்களும் அவரை அழைத்தனர். 1894இல் அவர் தொடங்கிய அச்சகத்தால் திருமகளும் கலைமகளும் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தார்கள். தெய்வத்தின் முகம் ஏழைக்குக் கிடைத்தது. ஏழையின் முகம் ஏழைக்குக் கிடைக்கவில்லை!

எங்கள் மலையில் இந்தக் குறை இன்னும் ஆழமானது. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் போனசும் கூலி உயர்வும் கேட்டுத் தெருவில் அமர்ந்தபோது, சில நாட்கள் நாடு அவர்கள் முகத்தைப் பார்த்தது, பிறகு மறந்தது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. எழுபது உயிர்கள் போயின. சுவரோடு சுவராக, சுவரில் மாட்டியிருந்த முகங்களும் மண்ணுக்குள் போயின. எஞ்சியிருக்கும் முகங்களில் ஒன்றை எழுதி வைக்க வாய்ப்புக் கிடைக்கும்போது, அதிலும் வேறொருத்தியின் நிறத்தையும் நகையையும் ஏற்றினால், நம்மவர் வாழ்ந்ததற்குச் சான்று எது?

அந்த ஓவியர் வாதம் செய்யவில்லை. “சங்கிலி எழுத அரை மணி நேரம் போதும் தங்கச்சி. ஆனா அது என் சங்கிலி. உங்க அம்மாவோடது இல்ல. அவங்களுக்கே உரியது ஒண்ணு சொல்லுங்க” என்றார்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “வெரலு” என்றார். கத்தரிகள் வருவதற்கு முன், கையால் கிள்ளிய காலத்துக் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல் நுனிகள், வெடித்த கட்டைவிரல்.

அட்டைப் படத்தில் கை ஏது? அம்மாவை உட்காரவைத்து அவர் கைகளைப் பார்த்து வரைந்துகொண்டார். நிறத்தையும் அம்மாவின் முகத்திலிருந்தே எடுத்தார். சிறு படத்தின்மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாக்கிக் கரியால் கோடிழுத்தார். ஒரு பூச்சு உலர்ந்தபின் மறுபூச்சு. இரண்டு மாதம் ஆயிற்று. ஓவியம் வீட்டுக்கு வந்த அன்று அம்மா முதலில் தொட்டது அந்த விரல்களைத்தான். “இருந்தாலும் ஒரு சங்கிலி போட்டிருக்கலாம்” என்று இன்றும் சொல்கிறார். சொல்லட்டும், அது அவர் உரிமை.

“கைப்பேசியில் படத்தை ஏற்றினால் ஒரு நொடியில் எண்ணெய் ஓவியம் போல் வந்துவிடுமே?” என்று நீங்கள் கேட்கலாம். வரும், நிறமும் ஏறும், சங்கிலியும் வரும். ஆனால் “அவங்களுக்கே உரியது ஒண்ணு சொல்லுங்க” என்று உங்களைக் கேட்டு, விடைக்காக அது காத்திருக்குமா?

ஆகவே தோழர்களே, ஓவியரிடம் செல்லும்போது ஆசையை மட்டும் கொண்டு செல்லாதீர்கள். நினைவையும் கொண்டு செல்லுங்கள். பேசிய கூலியில் பாதியை முன்பணமாகக் கொடுங்கள். உலரும் காலத்தையும் கொடுங்கள். ஓவியம் எழுதி வாங்கப் பொருள் இல்லையா? அடுத்த விடுமுறையில் வீட்டு மூத்தவர் ஒருவரின் அருகில் அமர்ந்து, அவருக்கே உரியது எது என்று கேட்டு எழுதி வையுங்கள். வண்ணம் பிறகு வரட்டும். உண்மை முதலில் வரட்டும்!