'குட் மார்னிங், டீச்சர்' பிழையா?



வகுப்பே எழுந்து நின்று 'குட் மார்னிங், டீச்சர்' என்று ஒரே குரலில் சொல்வது பிழையான ஆங்கிலமாம். ஆங்கிலேயர் ஆசிரியரை 'சார்' என்றோ 'மிஸ்' என்றோ விளிப்பரே தவிர 'டீச்சர்' என்று விளிப்பதில்லை என்பது காரணம். இதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகளைத் திருத்தத் தொடங்கிய பெற்றோர் எங்கள் பண்டார் தெங்காராவிலும் உண்டு.

இதில் மீறப்பட்ட இலக்கண விதி எது? ஒன்றுமில்லை. மருத்துவரை 'டாக்டர்' என்று விளிக்கும் அதே ஆங்கிலந்தான் இது. ஆசிரியரை அப்படி விளிக்காதது அவர்கள் வழக்கு, இலக்கணம் அன்று. 'சிக்கு' என்று மலாயில் விளித்துப் பழகிய நம் நாட்டுப் பிள்ளை 'டீச்சர்' என்பது இயல்பே. அதை விட்டுவிடலாம்.

'ஹீ டோன்ட் நோ' அப்படியன்று. அது ஐயத்திற்கு இடமில்லாத பிழை. 'டஸின்ட்' என்று வரவேண்டும். ஆயினும் அப்பிழை எங்கிருந்து வருகிறது? எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியாது. தமிழில் அச்சொல் எவருக்காகவும் மாறுவதில்லை. மலாயிலும் 'தீடாக் தாஹு' எல்லார்க்கும் ஒன்றே. இரண்டு மொழிகளின் விதியைச் சரியாகப் பிடித்துக்கொண்ட குழந்தைதான் மூன்றாவது மொழியில் தடுமாறுகிறது. 'டிஸ்கஸ் அபௌட்' என்பதில் நம் 'பற்றி' வந்து அமர்ந்துகொள்கிறது. 'ஓப்பன் தி லைட்' மலாயின் 'புக்கா லம்பு'. சீன மொழியிலும் விளக்கைத் 'திறக்கவே' செய்கின்றனர்.

ஆகவே, 'தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் ஆங்கிலம் இப்படித்தான்' எனும் பேச்சுக்கு அடிப்படை இல்லை. இவை நாடு முழுவதும் எல்லா இனத்தாரிடமும், படித்துப் பணியில் உள்ளோரிடமும் வழங்குபவை. ஆனால் அந்தப் பேச்சை நம்பியே ஆண்டு 1இல் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் உளர். சிரிப்புக்கு அஞ்சி வாயே திறக்காத பிள்ளைகளும் உளர். எனக்குக் கவலை இவ்விரண்டிலுந்தான். 'டோன்ட்' பற்றி அத்துணைக் கவலையில்லை.

சரியும் பிழையும் ஓரிடத்தில் நிற்பவையுமல்ல. 'லெப்பாக்', 'ஷியோக்' ஆகிய நம் வட்டாரச் சொற்களை ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதி 2016இல் ஏற்றுக்கொண்டது. (அதற்காகத் தேர்வுக் கட்டுரையில் எழுதிவிட வேண்டா!) எங்கே எது பொருந்தும் என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டியுள்ளது.

கைப்பேசிச் செயலி பிழையை நொடியில் திருத்தித் தந்துவிடுகிறது, பிள்ளை பார்த்தெழுதுகிறது, அடுத்த வாரம் அதே பிழை. 'தெரியாது' வரும் மூன்று வாக்கியங்களை வெண்பலகையில் எழுதி, எதிரே ஆங்கில வாக்கியங்கள் மூன்றையும் எழுதி, "எங்கே மாறுகிறது?" என்று மட்டும் கேளுங்கள். ஆண்டு 4 மாணவர் எவரும் 'ஹீ' வரும் வரியைத் தாமே காட்டிவிடுவர்.